தோப்பை அழித்து சைட் போட்டால் எத்தனை டிகிரி கூடும்?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிக்கொள்கிறேன். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகும் வழியில் வீடு. வீட்டுக்குக் கிழக்கே ஒட்டினாற்போல் 12 ஏக்கர் தென்னந்தோப்பு இருந்தது. அதை விற்று, மரங்களை ஜேசிபி வைத்துத் தள்ளி, கிராவல் அடித்து, தார் ரோடு போட்டு சைட் பிரித்துவிட்டார்கள். ஒரு மூலையில் ஷீட் போட்ட குடோனும் வந்துவிட்டது. இணையத்தில் கிடைத்த செயற்கைக்கோள் வெப்பப் படத்தில் அந்த இடம் 2019 மார்ச்சில் 33 டிகிரி, 2024 மார்ச்சில் 41 டிகிரி. பஞ்சாயத்தில் சொன்னால் ‘ஊர் உலகமெல்லாம்தான் சூடாகிறது’ என்று முடித்துவிட்டார்கள். அந்த எட்டு டிகிரி நிஜமா, அது தோப்பு போனதால் வந்ததா, ராத்திரி தூங்கவிடாத புழுக்கத்துக்கும் அதுதான் காரணமா என்று கேட்கிறீர்கள். இவை மூன்று தனித்தனிக் கேள்விகள். மூன்றுக்கும் பதில் வேறு வேறு. சட்டத்தில் வழி உண்டா, மழை குறையுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்; அவற்றுக்குக் கடைசியில் வருகிறேன்.

சுருக்கமான பதில் இது. எட்டு டிகிரி என்பது தரையின் மேல்தோலில் காலை நேரத்து வித்தியாசம். அதில் பெரும்பகுதி தோப்பு போனதால் வந்திருக்க நியாயம் உண்டு, ஆனால் அந்த இரண்டு படங்களை மட்டும் வைத்து அதை நிரூபிக்க முடியாது. நீங்கள் மூச்சில் இழுக்கும் காற்று எட்டு டிகிரி கூடவில்லை. பகலில் அரை டிகிரியிலிருந்து ஒன்றரை டிகிரிக்குள் கூடியிருக்கலாம். ராத்திரிப் புழுக்கத்துக்கு முதல் சந்தேகம் உங்கள் தார்சு (கான்கிரீட் கூரை) மேலேயும் வாசலில் பதித்திருக்கும் இன்டர்லாக் கல் மேலேயும்தான் விழ வேண்டும், பக்கத்துக் காலி சைட் மேல் அல்ல.

படத்திலிருந்து தொடங்குவோம். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் லேண்ட்சாட் 8 அல்லது 9 என்ற செயற்கைக்கோள் எடுத்ததாக இருக்கும். இவை நம் பக்கம் மேலே கடப்பது காலை பத்தரை மணி வாக்கில். மத்தியான உச்சியும் அதில் இல்லை, ராத்திரியும் இல்லை. அது அளப்பது தரை, இலை, கூரை ஆகியவற்றின் மேற்பரப்பு வெளியே விடும் அகச்சிவப்புக் கதிரை. வானிலை நிலையத்தில் ‘இன்று பாலக்காட்டில் 41 டிகிரி’ என்று சொல்வது, நிழலில், வெள்ளைப் பெட்டிக்குள், ஆளின் நெஞ்சளவு உயரத்தில் இருக்கும் காற்றின் வெப்பம். ஏப்ரல் உச்சிவெயிலில் காய்ந்த தரை 55 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது அதற்கு மேலே ஒன்றரை மீட்டரில் காற்று 38 டிகிரியில் இருப்பது சாதாரணம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால் எதிராளி முதல் கேள்வியிலேயே மடக்கிவிடுவார்.

அடுத்தது படத்தின் கட்டம். லேண்ட்சாட் வெப்பப் படம் 30 மீட்டர் கட்டமாகத் தரவிறங்கினாலும் அதன் வெப்பக் கருவி உண்மையில் பார்ப்பது 100 மீட்டர் கட்டம்; அதை நறுக்கித்தான் 30 ஆக்கிக் கொடுக்கிறார்கள். ஒரு ஏக்கர் நிலம் சதுரமாக இருந்தால் பக்கம் 63 மீட்டர் சொச்சம்தான் வரும். அதாவது ஒரு உண்மையான கட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும், பக்கத்து நிலத்தின் சூடும் அதோடு கலந்திருக்கும். உங்கள் 12 ஏக்கர் சுமார் 220 மீட்டர் பக்கம். ஆக நடுவில் உள்ள கட்டங்களை நம்பலாம், ஓரத்துக் கட்டங்களை விட்டுவிட வேண்டும். குடோன் இருக்கும் மூலையையும் விட்டுவிடுங்கள். பூச்சில்லாத தகரம் சூட்டை வெளியே விடுவதில் மந்தம். கை வைத்தால் சுடும் தகரம்கூட அகச்சிவப்புக் கருவிக்குக் குளிர்ந்ததுபோல் தெரியும். லேண்ட்சாட் தரவாகத் தயாராகக் கிடைக்கும் வெப்பப் படம் இந்த மந்தத்தைத் திருத்த அடிப்படையாக எடுத்துக்கொள்வது 2000 முதல் 2008 வரை ஆஸ்டர் என்ற கருவி திரட்டிய தரைத் தன்மைப் பட்டியலை. அந்தப் பட்டியலில் உங்கள் இடம் இன்னும் தோப்புதான். அதனால் புதிய ஷீட் கூரையின் மேல் வரும் எண்ணை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆண்டு தேர்விலும் ஒரு பள்ளம் இருக்கிறது. 2024 கோடை, 2023இல் தொடங்கிய எல் நினோவின் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடேறும் நிலை) வாலில் வந்தது. 2016 கோடையும் அப்படித்தான். இரண்டு ஆண்டும் ஏப்ரலில் பாலக்காடு 41 டிகிரியைத் தாண்டியது. அப்படிப்பட்ட ஆண்டை ‘பிறகு’ என்று வைத்தால் மரமே வெட்டாத இடத்திலும் வித்தியாசம் தெரியும். படம் எடுப்பதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு கோடைமழை பெய்திருந்தாலே தரை நாலைந்து டிகிரி இறங்கி நிற்கும். ஆழியாற்றிலிருந்து சிற்றூர்ப்புழைக்குத் தண்ணீர் விட்டு வாய்க்கால் ஓடிய வாரமா, வறண்ட வாரமா என்பதும் படத்தில் எழுதியிருக்காது. ஒரு படத்துக்கு ஒரு படம் என்ற ஒப்பீடு எதையும் நிரூபிக்காது என்று சொல்வது இதனால்தான்.

இனி, தோப்பு போனால் தரை ஏன் சுடுகிறது என்பது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை; காரணம் தண்ணீர். நிழல் இரண்டாவது. நிறம் மூன்றாவது. நிறம்தான் காரணம் என்று பலர் நினைப்பது தவறு என்பதற்கு உங்கள் சைட்டே சாட்சி. வெளிறிய கிராவல் தரை தன்மேல் விழும் வெயிலில் கால் பங்கையோ அதற்கு மேலோ திருப்பி அனுப்பும். அடர்ந்த தோப்பு 15 சதவீதம் போலத்தான் திருப்பும். அதாவது தோப்புதான் அதிக வெயிலை விழுங்குகிறது. விழுங்கியும் குளிர்ந்திருக்கிறது என்றால், விழுங்கியதை வேறு வழியில் செலவழிக்கிறது என்று பொருள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வேண்டுமென்றால் 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும். கரண்ட் கணக்கில் 0.68 யூனிட்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழரை மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்கு 70 தென்னை, 12 ஏக்கருக்கு 840. பாசனம் உள்ள ஒரு தென்னை நாளொன்றுக்கு இலை வழியே விடும் தண்ணீரைக் குறைத்தே 60 லிட்டர் என்று வைத்துக்கொண்டாலும் 50,000 லிட்டருக்குச் சற்று மேல் வருகிறது. அது சுமார் 34,000 யூனிட் வெப்பம். ஒன்றரை டன் ஏசி ஒன்று மணிக்கு ஐந்து யூனிட்டுக்குச் சற்றே கூடுதலாக வெப்பத்தை இழுத்து வெளியே தள்ளும். பத்து மணி நேரம் ஓடும் 600 ஏசிக்கு மேல் அந்தத் தோப்பில் ஓடிக்கொண்டிருந்தது என்று வையுங்கள். ஆனால் இந்த எண்ணை அப்படியே தூக்கிக்கொண்டு பஞ்சாயத்துக்குப் போகாதீர்கள். அதே 12 ஏக்கரில் மார்ச் மாதத்து வெயில் நாளொன்றுக்குக் கொட்டுவது மூன்று லட்சம் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. மரம் மட்டும் எடுத்துச் சென்றது அதில் எட்டில் ஒரு பங்கு. வட்டப்பாத்தி ஈரம், ஊடுபயிர், புல் எல்லாம் சேர்ந்து நாளொன்றுக்கு 3 மி.மீ. தண்ணீர் போயிருந்தால் மூன்றில் ஒரு பங்கு. பாசனம் இல்லாமல் காய்ந்து நின்ற தோப்பாக இருந்தால் இந்தப் பங்கு வெகுவாகக் குறையும். எனவே உங்கள் பக்கத்துத் தோப்புக்குக் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் தண்ணீர் பாய்ச்சினார்களா என்பது இங்கே முக்கியமான தகவல். விற்க முடிவு செய்ததும் மோட்டாரை நிறுத்திவிடுவது வழக்கம். அப்படியானால் சூடு ஏறத் தொடங்கியது மரம் வெட்டுவதற்கு முன்பே.

கிராவல் அடித்ததால் இன்னொன்றும் நடக்கிறது. ரோலர் விட்டு இறுக்கிய தரையில் மழைத்தண்ணீர் இறங்காது, வழிந்து ஓடிவிடும். ஐப்பசி மழையில் அதன்மேல் களை முளைத்து மார்கழி வரை பச்சையாக இருக்கும், தை கடைசியில் கருகிவிடும். அதனால் இந்தச் சைட் டிசம்பர் படத்தில் அவ்வளவு சுடாது, மார்ச் படத்தில் கொதிக்கும். உங்கள் எட்டு டிகிரி மார்ச்சுக்கு உரியது. வருஷம் முழுக்க எட்டு டிகிரி என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

காற்று ஏன் எட்டு டிகிரி ஏறவில்லை என்பதற்கு வருகிறேன். பாலக்காட்டுக் கணவாய் என்பதே மலைத்தொடரில் விழுந்த 30 கிலோமீட்டருக்கு மேலான வாசல். வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. மார்கழி, தை, மாசியில் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து கிழக்குக் காற்று இதன் வழியே விடாமல் அடிக்கும். காற்று விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்தால் உங்கள் பக்கத்து 220 மீட்டரை ஒண்ணேகால் நிமிஷத்துக்குள் கடந்துவிடும். மரம் எடுத்துக்கொண்டிருந்த வெப்பத்தில் சதுர மீட்டருக்கு 200 வாட் இப்போது காற்றுக்குப் போகிறது என்று வையுங்கள். அந்த நேரத்துக்குள் சூடு கலப்பது தரையிலிருந்து ஏறக்குறைய 20 மீட்டர் உயரம் வரை. வகுத்துப் பார்த்தால் காற்று ஏறுவது 0.6 டிகிரி போல. காற்று படுத்துவிட்ட நாளில், விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், நேரம் மூன்று மடங்கு ஆகும். ஆனால் சூடு இன்னும் உயரமாகக் கலந்துவிடும் என்பதால் ஒன்று, ஒன்றரை டிகிரிக்கு மேல் போவது சிரமம். இது தோராயக் கணக்கு. அளந்த எண் அல்ல. ஆனால் எட்டு டிகிரி காற்றில் ஏற முடியாது என்பதற்கு இதுவே போதும்.

இதிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது. சூடு எந்தப் பக்கம் போகிறது என்பதைக் காற்று தீர்மானிக்கிறது. தோப்பு உங்களுக்குக் கிழக்கே இருந்ததால் பிப்ரவரி, மார்ச் தொடக்கத்தில் அந்தக் காற்று நேரே உங்கள் வீட்டுக்கு வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் மேகாத்து (மேற்குக் காற்று) புகுந்துவிட்டால் அதே சைட்டின் சூடு தமிழ்நாட்டுப் பக்கம் போகும், உங்களைத் தொடாது. நீங்கள் வைக்கும் குற்றச்சாட்டு உண்மையானால் மார்ச் தொடக்கத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும், மே மாதம் மாலையில் தெரியக் கூடாது. சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஒரே மூச்சில் பத்து தோப்பு, நூறு ஏக்கர், ஆயிரம் ஏக்கர் என்று போனால் கதை மாறும். அப்போது காற்று கடக்கும் தூரம் கிலோமீட்டர் கணக்கில் ஆகிறது, சூடு தேங்குகிறது. கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைப் பக்கம், 2024 ஆகஸ்டில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த 1,710 ஏக்கர் பாலக்காடு தொழில் நகரம் போன்ற பரப்புகளில் கேட்க வேண்டிய கேள்வி ‘மரம் எத்தனை வெட்டுகிறீர்கள்’ என்பதோடு நிற்கக் கூடாது. ‘மார்ச் மாதத்தில் பச்சையாகவும் ஈரமாகவும் இருக்கும் பரப்பு எவ்வளவு மிஞ்சும், அது ஒரே இடத்திலா, ஊடே ஊடேயா’ என்று கேட்க வேண்டும்.

ராத்திரிப் புழுக்கத்துக்கு வருவோம். மரமில்லாத காய்ந்த வெட்டவெளி பகலில் வேகமாகச் சுட்டு, பொழுது சாய்ந்ததும் வேகமாக ஆறிவிடும். அடர்ந்த தோப்புக்குள் இலைக் கூரை தரையின் சூட்டை மேலே போகவிடாமல் பிடித்து வைக்கும். ஆக தோப்பு இருந்தபோதைவிட இப்போது அந்த இடம் விடியற்காலையில் கொஞ்சம் குளிர்ந்துகூட இருக்கலாம். வெப்ப மண்டலத்தில் காடு அழிந்த இடங்களில் பொதுவாகக் காண்பதும் இதுதான்: பகல் நன்றாக ஏறும், ராத்திரி அவ்வளவாக ஏறாது. ராத்திரியும் ஏறுவது கான்கிரீட்டும் தாரும் சுவரும் நெருங்கிய இடத்தில். உங்கள் சைட்டில் இன்னும் வீடு வரவில்லை என்பதால், ராத்திரி பத்து மணிக்குக் கட்டிலில் படுத்தால் மேலிருந்து இறங்கும் அனல் உங்கள் கூரையினுடையது. நாலு அங்குலத் தார்சு மத்தியானம் வாங்கிய சூட்டை அடிப்பக்கம் கொண்டுவர மூன்று மணி நேரம் போல எடுத்துக்கொள்ளும், பிறகு அதைச் சாவகாசமாக அறைக்குள் விட்டுக்கொண்டே இருக்கும்.

ஆனால் தோப்பு இருந்தது கிழக்கே என்பதில் நீங்கள் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. 15 மீட்டர் உயரத் தென்னை வீட்டிலிருந்து 15 மீட்டர் தள்ளி நின்றால் மார்ச்சில் காலை ஒன்பதரை மணி வரை கிழக்குச் சுவருக்கு நேர் வெயில் முழுதாக வராது. இப்போது ஆறரைக்கே அடிக்கிறது. மூன்று மணி நேர வெயில் கூடுதலாகச் சுவரில் ஏறுவது, காற்று அரை டிகிரி கூடியதைவிட வீட்டுக்குள் அதிகம் தெரியும். இதைச் சரிசெய்வதும் எளிது.

எல்லா மனைப்பிரிவும் சூட்டைக் கூட்டும் என்றும் எழுதிவிட முடியாது. எருத்தேம்பதி, வடகரப்பதிப் பக்கம் கரிசல் காடு மார்ச்சில் வெடிப்பு விட்டுக் கிடக்கும்போது அதன் மேற்பரப்பு தார் ரோட்டோடு போட்டி போடும். அப்படிப்பட்ட மானாவாரி நிலத்தில் வீடு கட்டி, வாசலுக்கு ஒரு மாமரம் வைத்து, குளித்த தண்ணீரைத் தென்னைக்கு விட்டால், அந்தக் குடியிருப்பு காலைப் படத்தில் சுற்றுப்புறத்தைவிடக் குளிர்ந்து தெரியும். இந்தியாவில் பல ஊர்களின் கோடைப் படங்களில் நகரம் பச்சையாகவும் நீலமாகவும், சுற்றியுள்ள காய்ந்த காடு சிவப்பாகவும் இருப்பது இதனால்தான். நெல்வயலிலும் இதே சிக்கல். முண்டகன் (இரண்டாம் போக நெல்) பயிர் நிற்கும் டிசம்பரில் வயல்தான் ஊரிலேயே குளிர்ந்த தரை. பிப்ரவரியில் அறுத்துத் தரிசாகக் கிடக்கும்போது ஏப்ரல் படத்தில் அதே வயல் சுடும். வயலை மேடாக்கியதால் வந்த இழப்பைப் பார்க்க வேண்டுமென்றால் பயிர் நிற்கும் மாதத்தைத்தான் எடுக்க வேண்டும். கேரளத்தில் 1970களின் நடுவில் 8 லட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த நெல் பரப்பு இன்று 2 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. அந்த இழப்பு ஏப்ரல் படங்களில் பாதிகூடத் தெரியாது.

பஞ்சாயத்து சொன்னதிலும் உண்மை உண்டு, அளவுதான் பொருந்தவில்லை. இந்தியாவின் சராசரி வெப்பம் 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி ஏறியிருக்கிறது. ஐந்து ஆண்டில் இந்தப் பொது ஏற்றத்தின் பங்கு 0.1 டிகிரியை ஒட்டித்தான் வரும். ஒரு ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுக்கும் உள்ள ஏற்ற இறக்கம் அதைவிடப் பல மடங்கு பெரிது. ஆகவே ஒரே இடத்தில் தரை எட்டு டிகிரி ஏறியதை ‘உலகமே சூடாகிறது’ என்று விளக்க முடியாது. அதே மாதிரி, பாலக்காட்டுக் கோடை கடுமையானதை உங்கள் பக்கத்து 12 ஏக்கர் மேல் போடவும் முடியாது.

நிரூபிக்க வேண்டுமென்றால் இரண்டு வேலை. முதலாவது படம். மாறாமல் இருக்கும் இன்னொரு தோப்பை, 10 ஏக்கருக்குக் குறையாமல், இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள், உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லாத இடத்தில் தேர்ந்தெடுங்கள். அங்கே மோட்டார் ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2014 முதல் இன்று வரை ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி 15 முதல் மார்ச் 31 வரை மேகமில்லாத படங்களை எல்லாம் எடுங்கள். லேண்ட்சாட் 8 மட்டும் வைத்துப் பார்த்தால் 16 நாளைக்கு ஒன்று. 9 ஏவப்பட்ட 2021க்குப் பிறகு எட்டு நாளைக்கு ஒன்று. கூகுள் எர்த் இன்ஜின் என்ற இணையத் தளத்தில் லேண்ட்சாட்டின் கலெக்‌ஷன் 2, லெவல் 2 வெப்பப் பட்டையை எடுத்தால் அதன் எண்ணை 0.00341802ஆல் பெருக்கி 149 கூட்ட வேண்டும், கிடைப்பது கெல்வின். 273.15 கழித்தால் நம் டிகிரி. இந்த மாற்றத்தை விட்டுவிட்டு ‘என் படத்தில் 45,000 டிகிரி வருகிறது’ என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொரு படத்திலும் சைட்டின் நடுக்கட்டங்களின் சராசரியிலிருந்து ஒப்பீட்டுத் தோப்பின் சராசரியைக் கழித்து, அந்த வித்தியாசத்தை மட்டும் வரிசையாக வரையுங்கள். எல் நினோவும் கோடைமழையும் இரண்டு இடத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோல் தொடுவதால் கழித்தலில் பெரும்பாலும் போய்விடும். வெட்டுவதற்கு முன் பூஜ்யத்தை ஒட்டி இருந்த கோடு, வெட்டிய பிறகு ஏறி அங்கேயே நின்றால், அதுதான் உங்கள் சான்று. அது எட்டாக இருக்காது. நாலு, ஐந்து வந்தால் வியப்பில்லை.

இரண்டாவது காற்று. வெப்பத்தைத் தானே பதிவு செய்யும் டேட்டா லாகர் இரண்டு வாங்குங்கள். முதல் மூன்று நாள் இரண்டையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிடுங்கள். விலை குறைந்தவற்றில் இரண்டுக்கும் நடுவே அரை டிகிரி வித்தியாசம் இருக்கும். நீங்கள் தேடுவதும் அந்த அளவுதான் என்பதால் இந்தப் படியை விட்டுவிட்டால் எல்லாம் வீண். கிடைத்த வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு பிறகு கழியுங்கள். பிறகு ஒன்றை உங்கள் காம்பவுண்டிலும் இன்னொன்றை ஒப்பீட்டுத் தோப்புக்கு மேற்கே இதேபோல் ஒட்டிய வீட்டிலும் வைக்க வேண்டும். உயரம் ஒன்றரை மீட்டர். சுவரில் ஆணி அடித்து மாட்டக் கூடாது, ஏசியின் வெளிப்பெட்டி, அடுப்படிப் புகைபோக்கி, கார் நிற்கும் இடம் எதற்கும் பக்கத்தில் கூடாது. வெயில் படாமல் காற்று புகுந்து போக வேண்டும்: ஆறேழு வெள்ளை பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து, மேல் தட்டைத் தவிர மற்றவற்றின் நடுவில் ஓட்டை போட்டு, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் போல்ட்டில் அடுக்கினால் அதற்குள் லாகரைத் தொங்கவிடலாம். 15 நிமிஷத்துக்கு ஒரு பதிவு. பிப்ரவரி நடுவிலிருந்து மே வரை. மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை உள்ள சராசரியையும், விடியுமுன் உள்ள மிகக் குறைந்த எண்ணையும் தனித்தனியாக ஒப்பிடுங்கள். கிழக்குக் காற்று நாளையும் மேகாத்து நாளையும் பிரித்து வையுங்கள். கையில் பிடிக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கி தரைக்கும் சுவருக்கும் நல்லது, காற்றை அது அளக்காது. தகரத்தை அளக்க வேண்டுமென்றால் கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி, சில நிமிஷம் விட்டு, டேப்பின் மேல் குறிவைக்க வேண்டும்.

அளக்கும் வேலை நடக்கும்போதே செய்யக்கூடியவை. கூரைதான் முதல். சுத்தமாகக் கழுவி, சலித்த சுண்ணாம்போடு ஃபெவிகால் மாதிரி பசை சேர்த்து இரண்டு கோட், இரண்டாவதைக் குறுக்குவாட்டில். புதிதாக அடித்த வெள்ளை வெயிலில் 70 சதவீதம் போலத் திருப்பும், அறைக்குள் இரண்டு டிகிரி இறங்கினாலும் ராத்திரி தெரியும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் பாசி பிடித்துக் கருத்துவிடும், ஆண்டுதோறும் பிப்ரவரி தொடக்கத்தில் திரும்ப அடிக்க வேண்டும். மொட்டைமாடி மேல் ட்ரஸ் போடுவதானால் பூச்சில்லாத ஷீட்டைவிட வெள்ளைப் பூச்சு ஷீட் நல்லது. இரண்டு பக்கமும் திறந்தே இருக்கட்டும். சாமான் போட வசதி என்று சுற்றி அடைத்தால் சூடு அதற்குள்ளேயே நின்று தார்சில் இறங்கும். அடுத்தது வாசல். இன்டர்லாக் கல்லை வண்டி ஏறும் தடத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பெயர்த்துவிடுங்கள்.

பிறகு கிழக்குப் பக்கம் மரம். இங்கே பலர் செய்யும் தவறு தேக்கு வைப்பது. நிழல் வேண்டிய பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் தேக்கு மொட்டையாக நிற்கும், வாகையும் அப்படியே. மா, நாவல், பலா கோடையிலும் இலையோடு இருக்கும். புங்கனும் வேம்பும் கொஞ்ச நாள் உதிர்த்தாலும் வெயில் உச்சத்துக்குள் தளிர்த்துவிடும். மூன்றடிக் குழி, மக்கிய சாணம், முதல் இரண்டு கோடைக்கு வாரம் இரண்டு முறை 20 லிட்டர், மேலே தேங்காய் மட்டை மூடாக்கு. பத்தடி உயரத்துக்குக் கீழே கிளையைக் கழித்துவிட்டால் காற்று அடைபடாது. உங்கள் பக்கம் கரிசல் மண்ணாக இருந்தால் அஸ்திவாரத்திலிருந்து எட்டு மீட்டராவது தள்ளி வையுங்கள். வேர் ஈரத்தை இழுத்ததும் கரிசல் சுருங்கும், சுவரில் மூலைவிட்டமாக விரிசல் ஓடும். மரம் வளரும் வரை கிழக்குச் சுவருக்குப் பந்தல் போட்டுப் பாகலோ கோவையோ ஏற்றினால் முதல் கோடையிலேயே பலன் தெரியும்.

இந்த ஒரு வரிசை மரம் வீட்டைச் சுற்றிய காற்றைக் குளிர்விக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அது தருவது நிழல். நிழலில் நிற்கும் சுவரும் தரையும் பத்து, பதினைந்து டிகிரி குறையும், காற்று அரை டிகிரி குறைந்தால் பெரிது. ஏப்ரல் கடைசியில் ஈரப்பதம் ஏறிய பிறகு, செடிக்குத் தெளிக்கும் தண்ணீரே புழுக்கத்தைக் கூட்டவும் செய்யும். அந்த மாதத்தில் மாலையில் வாசல் தெளிப்பதைக் குறைத்துக்கொள்ளலாம்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கேரளத்தின் 2008ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம், பதிவேட்டிலும் தோப்பாகவே இருக்கும் தென்னந்தோப்புக்குப் பொருந்தாது. வில்லேஜ் ஆபீசில் அடிப்படை வரிப் பதிவேட்டில் அந்தச் சர்வே எண் ‘நிலம்’ (அங்கே நெல்வயல் என்று பொருள்) என்று இருக்கிறதா, ‘புரயிடம்’ (தோட்டம், வீட்டு மனை போன்ற கரை நிலம்) என்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘நிலம்’ என்றிருந்தால், டேட்டா பேங்கில் (பாதுகாக்க வேண்டிய நெல்வயல், ஈரநிலங்களின் பட்டியல்) உண்டா என்று கிருஷிபவனில் (வேளாண் அலுவலகம்) கேளுங்கள். டேட்டா பேங்கில் இல்லாத ‘நிலம்’ 50 சென்ட்டுக்கு மேல் தரம் மாற்றப்பட்டிருந்தால், பத்தில் ஒரு பங்கை நீர் சேமிப்புக்கு ஒதுக்கியிருக்க வேண்டும். அந்த இடம் எங்கே என்று கேட்பது உங்களுக்குக் கையில் கிடைக்கும் பிடி. ‘புரயிடம்’ என்றால், மீதியுள்ள வரப்பு மரங்களை விடச் சொல்லியும், ரோட்டோரத்தில் இறுக்கிய கிராவலைக் கிளறி மரம் வைக்கச் சொல்லியும் பேசிப் பார்ப்பதுதான் வழி. சைட் விலை போக நிழல் உதவும் என்பதால் விற்பவர் காது கொடுக்கவும் கூடும்.

கடைசியாக, தோப்பு போனதால் மழை குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். 12 ஏக்கரால் மழை மாறாது. இங்கே மழை கொண்டுவருவது கடலிலிருந்து வரும் பருவக்காற்று, அதைக் கூட்டுவதும் குறைப்பதும் மலை. கிணற்று நீர் விஷயம் வேறு. தோப்பு குடித்த தண்ணீர் மிச்சமாகும், இறுகிய தரையில் இறங்காமல் போகும் மழை நஷ்டமாகும். எது பெரிது என்பது அந்தத் தோப்புக்கு வாய்க்கால் தண்ணீர் பாய்ந்ததா, போர்வெல் தண்ணீரா என்பதைப் பொறுத்தது. போர்வெல் என்றால் உங்கள் கிணறு முதல் ஓரிரு ஆண்டு ஏறிக்கூட நிற்கும். அதை வைத்து ‘தண்ணீர் கூடியிருக்கிறதே’ என்று எதிர்த்தரப்பு பேசினால், மாதாமாதம் கயிறு விட்டு அளந்து எழுதி வைத்த கணக்கு உங்களிடம் இருக்க வேண்டும். அதையும் லாகரோடு சேர்த்து இந்த மாதமே தொடங்குங்கள்.